சிவப்பை எடுத்த பிறகு

மார்ச் 3, திங்கள்

மாதக் கூட்டம் முடிந்தது. ஒவ்வொரு வார்டிலும் எத்தனை நோயாளிகள் வழுக்கி விழுந்தார்கள் என்று சார்ட் போட்டுக் காட்டுவது ஆஸ்பத்திரியில் என் வேலை. குறைந்தால் பச்சை, கூடினால் சிவப்பு. போன கூட்டத்தில் முதியோர் வார்டின் பட்டை சிவப்பாக நின்றது. அந்த வார்டைப் பார்த்துக்கொள்ளும் பெரிய சிஸ்டர் கடைசிவரை தலை நிமிரவில்லை. இன்று அதே வார்டுக்குப் பச்சையில் ஒரு பூஜ்யம். டைரக்டர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

மதியம் அந்த வார்டு வழியாகப் போனேன். ஒரு பெரியவர் நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். "பாத்ரூம்ல வழுக்கிடுச்சும்மா, போன வாரம்" என்றார்.

போன வாரமா? அப்போ என் பூஜ்யம்?

மார்ச் 4

பெரிய சிஸ்டர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனா எல்லார் முன்னாடியும் சிவப்பா நிக்க யாருக்குத்தான் பிடிக்கும்? சொல்லாம விட்டா பச்சை, கைதட்டல். விழுந்ததே தெரியாவிட்டால் அங்கே யார் எதைச் சரிசெய்வார்கள்? அடுத்து இன்னொருவர் விழுவார். என் சார்ட்டே வாயை அடைக்கிறது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மார்ச் 6

நிறத்தை மாற்றுகிறேன் என்று டைரக்டரிடம் கேட்டேன்.

"கலர்ல என்னம்மா இருக்கு? நம்பர்தானே முக்கியம்?"

"அந்த நம்பர்தான் சார் வர மாட்டேங்குது."

தலையைச் சொறிந்தார். "சரி, மே மாசக் கூட்டம் வரைக்கும் பாரு. உருப்படியா ஒண்ணும் நடக்கலைன்னா பழையபடி சிவப்புதான்."

மார்ச் 9, ஞாயிறு

நல்ல நாள். சாப்பாட்டு மேசை முழுக்க நிறத் துண்டுகள்: சாம்பல் நீலம், காய்ந்த இலைப் பச்சை, மணல், மங்கிய செங்கல். இனி வார்டுக்கு ஒரு நிறம்; கூடினாலும் குறைந்தாலும் அதே நிறம். என் வீட்டுக்காரருக்கு பஸ் ஓட்டுற வேலை. "சிவப்பைப் பாத்தா எங்களுக்கு பிரேக்குதான். உங்க நர்சுங்களும் அதையேதான் பண்றாங்க" என்றார். இந்த மனுஷன் சில சமயம் விஷயத்தோடுதான் பேசுகிறார்!

மகள் எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, எல்லாம் பல தடவை துவைச்ச சட்டை மாதிரி இருக்கு?" அதேதான் கண்ணு, அதேதான் வேணும்.

ஏப்ரல் 7

மானம் போச்சு. ப்ரொஜெக்டரில் போட்டதும் என் அழகான நிறங்கள் எல்லாம் ஒரே வெளிறலாகிவிட்டன. எது எந்த வார்டு என்று எனக்கே தெரியவில்லை. ஒரு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், ஒரே சிரிப்பு. நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேனே, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வெளிச்சம் வைத்துவிட்டேனே! என் கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டிருந்தேன். டைரக்டர் காலண்டரைப் பார்த்தார். அது போதாதா?

ஏப்ரல் 8

பெரிய சிஸ்டர் என் அறைக்கே வந்தார். திட்டத்தான் போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"நேத்து யாரும் என்னைத் திரும்பிப் பாக்கல. எத்தனை மாசமாச்சு தெரியுமா, கூட்டத்துல நிம்மதியா உக்காந்து" என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "அதுக்காக ஒண்ணுமே தெரியாம போட்றாதீங்க. தெரியட்டும். உறுத்த வேண்டாம், அவ்ளோதான்."

ஏப்ரல் 12

தெரியணும், உறுத்தக் கூடாது. இதைவிட யார் தெளிவாகச் சொல்ல முடியும்? அதே மங்கல் நிறங்கள்தான். ஆனால் ஒன்று அடர்த்தி, ஒன்று நடுத்தரம், ஒன்று வெளிர். கறுப்பு வெள்ளையில் அச்சடித்துப் பார்த்தேன், பிரிந்து தெரிந்தது. வார்டின் பெயரைப் பட்டைக்குப் பக்கத்திலேயே எழுதினேன். ஆளில்லாத கூட்ட அறையில் ப்ரொஜெக்டரைப் போட்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணுக்கு இதமாக இருந்தது. யாரும் இல்லாததால் கொஞ்சம் பாடினேன்.

மே 5, திங்கள்

திரையில் முதியோர் வார்டின் பட்டை மற்ற எல்லாவற்றையும் தாண்டி நின்றது, அடர்ந்த சாம்பல் நீலத்தில்.

"என்னம்மா இது? நீ கலர் மாத்தினதும் ஜனங்க பொத்து பொத்துனு விழறாங்க!" என்றார் டைரக்டர். அவ்ளோதான், சிவப்பு வந்துடுச்சு.

பெரிய சிஸ்டர் எழுந்தார். "இப்ப ஒண்ணும் அதிகமா விழல சார். முன்னாடியும் இவ்வளவு பேர் விழுந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. இப்பதான் சொல்றோம்." இந்த முறை தலை நிமிர்ந்தே இருந்தது.

டைரக்டர் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எங்க விழறாங்க?"

"பாத்ரூம் வாசல்ல சார். பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல."

இத்தனை வருஷக் கூட்டங்களில் 'எங்கே' என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

மே 14

முதியோர் வார்டில் சுவரில் கைப்பிடி மாட்டுகிறார்கள். ட்ரில் சத்தம் தாங்க முடியவில்லை. மாட்டட்டும்.

ஜூன் 2

கூட்டம் முடிந்ததும் பெரிய சிஸ்டர் வந்தார், சார்ட்டைப் பெரிதாக அச்சடித்துத் தரமுடியுமா என்று. இந்த மாதம் அவர் வார்டுப் பட்டை பாதியாக இறங்கியிருந்தது. "இதோ, உடனே தர்றேன்" என்று அச்சடிக்கப் போனேன்.

"இது இல்ல. போன கூட்டத்துல உசரமா நின்னுச்சே, அது" என்றார். "எங்க டேபிளுக்கு மேல ஒட்டணும். எல்லாரும் பாக்கட்டும்."