யானை கலைக்கிற வெடி

மேற்கு ஜெர்மனி
பங்குனி, 1986

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். இந்த முறை உங்கள் சுகத்தை விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் பொய்தான் எழுதுவீர்கள்.

ரேடியோவில் சண்டை என்று கேட்டு நான் எழுதியதற்கு, "விசுவமடுவில கேக்கிறது யானை கலைக்கிற வெடிதான் தம்பி, பயப்பிடாதை" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் மேலே, அரிவு வெட்டி நெல்லும் வீட்டுக்கு வந்துவிட்டது என்கிறீர்கள். வெறும் வயலில் யானைக்கு என்ன வேலை? யாரை ஏமாற்றுகிறீர்கள்?

நான் இங்கே படிப்பதே வெடிப்புகளைத்தான். வானத்தில் எங்கோ தொலைவில் காமாக் கதிர்கள் சில விநாடிகள் வெடித்து அடங்கும். விண்கலங்களில் உள்ள கருவிகள் அதைப் பதியும். போன கிழமை ஒரேயொரு கலம் பதிந்ததை வைத்து, அது வந்த திசையைச் சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும் பேராசிரியர் சிரித்தார். தூரதூரமாக நிற்கும் மூன்று கலங்களாவது பதிந்தால்தான், எதில் முதலில் பட்டது என்று பார்த்துத் திசையைப் பிடிக்கலாம். அது பெரிய விஷயமில்லை. அன்றைக்கும் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆனால் உங்கள் ஒருவரின் கடிதத்தை இனி நம்பமாட்டேன். அம்மா தனியாக எழுதட்டும். ஒட்டுசுட்டானிலிருந்து கமலாசனி அக்கா தனியாக எழுதட்டும். சத்தம் ஆனையிறவு ஆமி முகாம் பக்கமா, வேறெங்குமா என்று மூன்று பேரும் எழுதுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்து எழுதவைத்தால் எனக்குத் தெரியும். அம்மாவின் மிளகாய்த்தூளும் முடிந்துவிட்டது.

கீழே தெருவில் தபால்காரன் பெட்டியைத் திறக்கிறான், நிறுத்துகிறேன். சித்திரை முடிவதற்குள் மூன்றில் ஒரு கடிதம் குறைந்தாலும் பிளேன் ஏறிவிடுவேன்.

மகன்
தவராசா