கூரையடி அறை

அக்டோபர் 6
வினிஃப்ரெட் அக்காவின் பொம்மை வீட்டை இன்று முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய், அவள் அறை ஜன்னலோரம் வைத்தேன். விக்டோரியா காலத்து மாளிகை. பல வருடமாக அவளே இழைத்தது. கூரையடியில் வேலைக்காரப் பெண்ணின் படுக்கையறை மட்டும் காலி. பழகிய வேலை கையில் இருந்தால் மறதிக்காரர்கள் பதற்றமில்லாமல் இருப்பார்களாம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தூக்கிய தோள் வலித்தது.

அக்டோபர் 9
மழை. போகவில்லை.

அக்டோபர் 13
கம்பியை வளைத்து, கறுப்பு அடித்து, அந்தக் காலி அறைக்குக் குட்டி இரும்புக் கட்டில் செய்து எடுத்துப்போனேன். அக்கா மெத்தையை விரலால் அமுக்கினாள்.
"என்னடி ஹெஸ்டர், இவ்ளோ மெத்துனு? அவ என்ன சீமாட்டியா? வைக்கோல் வை."
"நாள் பூரா படியேறி இறங்குறவ அக்கா, பாவம்."
"இந்த இளகின மனசாலதான் எல்லாரும் உன் தலையில மிளகா அரைச்சாங்க."
முதலில் அரைத்தது யார்? கேட்கவில்லை. என் பெயரைச் சொன்னாளே, போதும்.

அக்டோபர் 22
முகம் கழுவும் மேசை, குட்டிக் கூஜா, தகரப் பெட்டி. கம்பளம் வேண்டாமாம். "குளிரட்டும். அப்பதான் சீக்கிரம் எழுந்து அடுப்பு மூட்டுவா." இல்லத்துப் பணிப்பெண் போலா சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 3
உள்ளே நுழைந்ததும், "புதுசா வேலைக்கு வந்த பொண்ணா நீ?" என்றாள்.
"அக்கா, நான்தான், ஹெஸ்டர் —"
"இங்க முதுகை ஒடிச்சிடுவாங்க. சாப்டியா?"
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன். அழுகை வருமென்று பார்த்தேன். வரவில்லை. திரும்பும்போது இறங்க வேண்டிய இடம் தெரியாமல், பஸ்ஸில் துறைமுகம் வரை போய்விட்டேன்.

நவம்பர் 4
எதுக்குப் போகணும்? யாரைப் பாக்க?

நவம்பர் 11
போனேன். கூரையடி அறையில் கம்பளம்! தன் கம்பளிக் கையுறையை வெட்டிப் போட்டிருக்கிறாள். கத்தரிக்கோல் எப்படிக் கிடைத்தது என்று போலா பதறிக்கொண்டிருந்தாள்.
"பொண்ணுக்குக் கால் குளிருமில்ல," என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "உட்காரும்மா. நின்னது போதும்."
இத்தனை வயதில் அக்கா என்னிடம் ஒருநாளும் சொல்லாத வார்த்தை. உட்கார்ந்தேன்.

நவம்பர் 24
தலையணை வைத்தாயிற்று. அறை முடிந்தது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் என்னைக் காட்டி, "இவங்க யாரு, வினிஃப்ரெட்?" என்று கேட்டாள்.
அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
"எங்க வீட்டுப் பொண்ணு."
நான் திருத்தவில்லை.