பதினேழு பேரில் ஒருவர்

மேற்கு பெர்லின்,
14-3-1977

அன்புள்ள குசுமாவுக்கு,

உன் தன்யகுமார் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிர் இன்னும் விடவில்லை. சலவைக் கம்பெனி வேலையில் பகல் முழுக்க நீராவிக்குப் பக்கத்தில் நிற்பதால் தெரியவில்லை.

போன வாரம் இசைத்தட்டுப் பதிவு முடிந்தது. மொத்தம் பதினேழு பேர். சாக்சபோன் மட்டும் ஐந்து, அப்புறம் டிரம்பெட், பியானோ, இரண்டு டிரம்ஸ், டீட்டரின் பெரிய பாஸ் வாத்தியம். எழுதி வைத்த தாள் கிடையாது. ராகமும் இல்லை, தாளமும் இல்லை. மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே அவரவருக்குத் தோன்றியதை வாசிக்க வேண்டும். ஃப்ரீ ஜாஸ் என்று பெயர்.

இரண்டாம் பக்கத்தின் கடைசியில் எல்லோரும் ஓய்ந்துவிட்டார்கள். எட்டு நிமிடம் என் கிளாரினெட் மட்டும்தான். முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆரணியில் கல்யாண ஊர்வலத்தில் என் தோளை உலுக்கி, சினிமாப் பாட்டு வாசிக்கச் சொன்னவர்களை நினைத்துக்கொண்டேன்.

தட்டு வெளிவந்தால் பல ஊர்களில் கூப்பிடுவார்கள். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்.

உன்,
தன்யகுமார்

*

திருவண்ணாமலை,
9-4-1977

அன்புள்ளவருக்கு,

குசுமாவதி எழுதியது. கடிதம் கிடைத்தது. கை தட்டினார்கள் என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். ஆசிரமத்துக்கு வந்த டீட்டர் உங்களைக் கூட்டிக்கொண்டு போனபோது பேசியவர்களுக்கெல்லாம் இப்போது பதில் சொல்லலாம்.

அங்கே குளிர்காலத்தில் நாலு மணிக்கே பொழுது சாயுமாமே. அப்படியானால் இருட்டுமுன் சாப்பிட வேண்டிய நம் ஜைன வழக்கப்படி சாப்பாட்டை எப்போது முடிக்கிறீர்கள்? வேலை இடத்தில் விடுகிறார்களா? இதையெல்லாம் நீங்கள் எழுதுவதே இல்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பிரமோஷன் வந்திருக்கிறது. வேலூரில் சூப்பர்வைசர். ஒத்துக்கொண்டால் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். நீங்கள் திரும்பி வருகிற வீடு என்பதால் தள்ளிப்போட்டிருக்கிறேன். ஆபீசர் வருஷக் கடைசிக்கு மேல் முடியாது என்கிறார். “இன்னும் ஒரு வருஷம்” என்று நீங்கள் எழுதுவது இது மூன்றாவது தடவை. குறையாகச் சொல்லவில்லை, எண்ணி வைத்திருக்கிறேன்.

குசுமாவதி

*

மேற்கு பெர்லின்,
22-8-1977

அன்புள்ள குசுமாவுக்கு,

தட்டு வந்துவிட்டது. ரூத் என்கிற சுவிஸ் அம்மா ஆசிரமத்துக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அட்டையில் பதினேழு பேர் பெயரும் இருக்கிறது. என்னுடையது ஏழாவது.

நீ கேட்க வேண்டுமென்று இல்லை. பழகாத காதுக்கு வெறும் இரைச்சலாக இருக்கும். உறவுக்காரர்களிடமும் அப்பாவிடமும் அட்டையைக் காட்டினால் போதும்.

உன்,
தன்யகுமார்

*

திருவண்ணாமலை,
2-10-1977

அன்புள்ளவருக்கு,

தட்டு கிடைத்தது. ரூத் அம்மா செங்கம் ரோட்டில் எடுத்திருக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் ரெக்கார்ட் பிளேயர் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த உங்கள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மாமா முதல் பக்கம் முடியும்வரை அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, “இத்தினி பேரு ஒரே நேரத்துல ஊதுறாங்களே, இதுல நம்ம ஆளு எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுதாம்மா?” என்று கேட்டார். இரண்டாம் பக்கத்தில் வருவார் என்றேன்.

எனக்கு அது இரைச்சலாக இல்லை. தீபத்து அன்று எல்லா டிரங்க் காலும் ஒன்றாக வந்து விழுகிற மாதிரி இருந்தது. ஒரே கம்பியில் நாலு பேர் பேசினாலும் பிரித்துக் கேட்கிற வேலைதான் நான் பார்ப்பது. ஒருவர் கோபித்துக்கொள்கிறார், இன்னொருவர் சமாதானம் சொல்கிறார், ஒருவர் யாரையும் காதில் போட்டுக்கொள்ளாமல் தன்பாட்டுக்குப் போகிறார். பிடித்திருந்தது என்றே சொல்லுவேன்.

கடைசியில் எல்லோரும் ஓய்ந்தார்கள். கிளாரினெட் வரவில்லை.

மூன்று தடவை போடச் சொன்னேன். மூன்றாவது தடவை, ஓய்ந்த இடத்தில் ஒரு மூச்சு கேட்டது. சின்ன வயதில் விழுந்து உடைந்த உங்கள் மூக்கில், மூச்சு இழுக்கும்போது லேசாக விசில் வருமே, அது. ஆறு வருஷம் பக்கத்தில் இருந்து கேட்டது. மூன்று தடவை இழுக்கிறீர்கள். மூன்று தடவையும் ஊதவில்லை. பிறகு டிரம்ஸ்காரர் மெதுவாகத் தட்ட ஆரம்பித்துவிடுகிறார்.

மாமாவிடம், வாசித்தது நீங்கள்தான் என்று வேறு ஒருவருடைய சாக்சபோனைக் காட்டினேன். அவர் முகம் தெளிந்தது. நான் பொய் சொன்னேன்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

குசுமாவதி

*

மேற்கு பெர்லின்,
6-11-1977

குசுமாவுக்கு,

உன் காதில் விழுந்தது சரி. நான் வாசிக்கவில்லை.

எல்லோரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இனி யாரும் என்னைத் தடுக்கப்போவதில்லை. கிளாரினெட்டை வாயில் வைத்தேன். எந்த ஸ்வரத்தை நினைத்தாலும் அது யாரோ சொல்லிக் கொடுத்ததாக இருந்தது. வாத்தியார் சொன்னது, பேண்டு செட்டில் பழகினது, டீட்டர் வாசித்துக் கேட்டது. என்னுடையது எது என்று தெரியவில்லை. இறக்கிவிட்டேன். யாரும் திட்டவில்லை. டீட்டர் அதுவும் வாசிப்புதான் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல், நடந்திருக்க வேண்டியதை எழுதினேன். எழுதிய பிறகு அதை நானே நம்பினேன்.

போதும். ஜனவரியில் வந்துவிடுகிறேன். பழையபடி பேண்டு செட்டில் சேர்ந்து, என்ன பாட்டு கேட்டாலும் வாசிக்கிறேன். நீ வேலூர் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடு.

தன்யகுமார்

*

திருவண்ணாமலை,
11-12-1977

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது வேலூருக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மாற்றி எழுதிக் கொடுக்கலாம் என்றார் ஆபீசர். வேண்டாம் என்றேன்.

நீங்கள் வாசிக்காமல் நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஊத மனம் வராமல் கிளாரினெட்டைக் கீழே இறக்கியவரை எனக்குத் தெரியும். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். எட்டு நிமிடம் வாசித்தேன் என்று எழுதியவரைத் தெரியாது. அவருடைய கடிதத்தை நம்பித்தான் ஆறு மாசம் இந்த வீட்டில் இருந்தேன்.

எனக்காக வந்து, கேட்கிற பாட்டையெல்லாம் வாசித்தால், ஒவ்வொரு முகூர்த்தத்திலும் என்னால்தான் என்று உங்களுக்குத் தோன்றும். வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள். எனக்குக் கேட்டுவிடும். அதனால் வருவதானால் உங்களுக்காக வாருங்கள். அங்கே இருப்பதானாலும் உங்களுக்காக இருங்கள். இரண்டிலும் நான் இல்லை.

மாமாவிடம் பேசிவிட்டேன். “நீ போறதுன்னா போம்மா. அவன் கேட்டா, நான்தான் அனுப்பிச்சேன்னு சொல்றேன்” என்றார். அதற்கு அவசியமில்லை, நானாகத்தான் போகிறேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் துணிகளையும் நோட்டுகளையும் பெட்டியில் கட்டி ஊருக்கு அனுப்பியாகிவிட்டது.

வேலூரில் என்னோடு வேலை செய்யப்போகிற இரண்டு பெண்களோடு ஓர் அறை எடுத்திருக்கிறேன். விலாசம் எழுதவில்லை. ஒன்பதே முக்கால் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். போகிற வழியில் இதைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.

குசுமாவதி