சிஸ்டமேட்டிக்கலி என்ற வார்த்தை

அன்புள்ள மச்சான்,

இதைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை.

நீ சோதித்து அனுப்பிய பாகங்களில் குறை இருந்ததற்காக கம்பெனியில் விசாரணை நடந்ததே, அன்று அதிகாரி என்னிடம், "உங்க ஃப்ரெண்டு இதை சிஸ்டமேட்டிக்கலி பண்ணாரா?" என்று கேட்டார். ஒழுங்காக, வரிசையாக என்ற அர்த்தம்தான் எனக்குத் தெரியும். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, "ஆமா சார், அவன் எதையுமே சிஸ்டமேட்டிக்காத்தான் பண்ணுவான்" என்றேன். ஆங்கிலத்தில் அடித்துத் தந்த தாளில் கையெழுத்தும் போட்டேன். மறுவாரம் உன்னை வேலையை விட்டு நீக்கினார்கள்.

அந்தத் தாளின் நகலை என் மகள் ஜெரூஷா படித்தாள். "அப்பா, அங்கிள் திட்டம் போட்டு, திரும்பத் திரும்ப தப்பு பண்ணார்னு சொல்லிருக்கீங்க" என்றாள்.

அவள் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. சூப்பர்வைசரான எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்று மறைமலை நகரே சிரிக்கும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ முடிச்சூர் வீட்டைக் காலி செய்தபோதும்கூட.

நேற்று அதே அதிகாரியிடம், எல்லோர் காதிலும் விழும்படி, "அர்த்தம் தெரியாமத்தான் சொன்னேன் சார்" என்றேன். தமிழில் எழுதியும் கொடுத்தேன். மறுபடி விசாரிக்கப் போகிறார்கள். கூப்பிட்டால் போ. அன்று நான் லீவு போட்டுவிடுகிறேன். என் முகத்தை நீ பார்க்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
பன்னிரண்டு வருடம் உன்னோடு ஒரே பஸ்ஸில் வந்தவன்