முள்ளை நம்பிய டாக்டரும் தலையாட்டிய நீங்களும்

பாவா,

இன்று காலை கே.ஜி.கண்டிகை ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். கட்டிலருகே ஆக்சிஜன் சிலிண்டர், அதன் கழுத்தில் காற்று குமிழியிட்டு வரும் தண்ணீர் பாட்டில். குமிழிகள் கொப்பளிக்கும் சத்தம் காதில் விழுந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் கழித்தும் உங்கள் மேல் உள்ள கோபம் ஆறவில்லை.

அந்த ஆடிக் கிருத்திகையன்று தெருவெல்லாம் காவடி. பீடியும் கரும்புத் தோகைப் புகையும் அரித்த நுரையீரலோடு நீங்கள் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் கிடந்தீர்கள். உங்களை விட்டுவிட்டு மலையேற முடியாத என் அக்கா, புருஷனுக்காக முருகனுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டில் கம்பியில் இறுக்கிக் கட்டியிருந்தாள். சாமி காவல் இருக்கட்டும் என்று மூக்குக்கு வரும் குழாயையும் சேர்த்தே கட்டிவிட்டாள். மேலே போர்வை கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

நான் வந்தபோது நீங்கள் குழாயைப் பிடுங்கிக்கொண்டிருந்தீர்கள்.

"காத்தே வர்ல மச்சான். சும்மா மாட்டி வச்சிகினு கீறாங்க."

ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தேன். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, சிலிண்டரில் இருந்த மீட்டர் முள்ளைப் பார்த்தார். "நல்லாத்தானே போகுது. காத்து வருதில்ல பெரியவரே?"

நீங்கள் கைகூப்பினீர்கள். "ஆங், வருதுங்க சார்."

வாய்க்கால் தண்ணீருக்காக அதிகாரியையே ஜீப்பை விட்டு இறங்கவைத்த வாய் அது!

அந்த மீட்டருக்கு அழுத்தம் மட்டும்தான் தெரியுமாம். குழாய் நசுங்கினால் காற்று பின்னால் தேங்கி முள்ளை மேலேதான் தள்ளும், மூக்குக்கு ஒன்றும் போகாது. எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. படித்த அந்த மனிதருக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டாமா? பாட்டிலில் குமிழி அடங்கிப்போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சாயங்காலம் போர்வையை விலக்கியபோதுதான் முடிச்சைப் பார்த்தேன். அவிழ்த்ததும் பாட்டிலில் தண்ணீர் கொப்பளித்தது. அதை இழுத்துக்கொள்ள உங்களிடம் மூச்சு மிச்சமில்லை.

முடிச்சைப் பற்றி அக்காவிடம் நான் வாய் திறந்ததில்லை. அவள் மேல் கோபமும் இல்லை. டாக்டரைத்தான் வாசலில் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "பேஷண்ட்டே வருதுன்னு சொன்னாரேப்பா" என்றார். பிடித்த சட்டையை விட்டுவிட்டேன் பாவா.

இன்றும் எந்த ஆஸ்பத்திரியிலாவது யாராவது வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் கைகூப்பித் தலையாட்டினால் ஓங்கி ஓர் அறை விடத் தோன்றுகிறது. அவர்களை அல்ல, உங்களை.