நாலு துணுக்கு இரைப்பை

12.03.2004
இரவு சாப்பிட்ட பிறகு இன்றும் மேல்வயிறு கல்லாகக் கனத்தது. பதினொரு வருஷக் கோளாறு. டிஸ்பென்சரியின் வெள்ளை மருந்தை வாளி வாளியாகக் குடித்தாயிற்று. புது டாக்டர் விடவில்லை. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்க்கச் சீட்டு எழுதிவிட்டார்.

அண்ணனுக்கும் அஜீரணத்தில்தான் தொடங்கியது. கேன்சர். ஐம்பத்திரண்டில் போனார். எனக்கு ஐம்பத்தொன்று. இதை வெள்ளையம்மாவிடம் பேசவில்லை. பெண்சாதியைப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது?

26.03.2004
என்னைப் போல முட்டாள் பலாங்கொடைப் பக்கத்திலேயே இல்லை. குழாய் விட வெறும் வயிறு வேணுமென்று நேற்று இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. விடிகாலை பஸ்ஸுக்குப் போகிறவன், டீமேக்கர் புத்தி, தேயிலை ஃபெக்டரிக்குள் ஒரு எட்டு நுழைந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஸாஹிரா கேட்டார்: “காலையில ஏதும் குடிச்சீங்களா?”

“இல்லங்க மிஸ். டேஸ்ட் மட்டுந்தான் பாத்தேன். அஞ்சு கோப்பை. நாலைத் துப்பிட்டேன்.”

“அஞ்சாவது?”

“அது நல்லா வந்திருந்துச்சுங்க.”

வரிசையே சிரித்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் பதின்மூன்று நாள். பஸ்ஸில் ஏறியதும் சிரிப்பு போய்விட்டது. பயமாயிருக்கு — இங்கேயாவது ஏன் பொய் சொல்லணும்?

08.04.2004
குழாய் போய் வந்தது. சோதித்துப் பார்க்க இரைப்பையில் நாலு துணுக்கு கிள்ளி எடுத்தார்கள். ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு.

14.04.2004
வருஷப் பிறப்பு. பலகாரம் தின்றேன். ருசி தெரியவில்லை.

29.04.2004
ரிப்போர்ட் வந்தது. டாக்டர் சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் கேன்சருக்கு அவர்கள் சொல்லும் ‘பிலிக்கா’ என்ற சொல்லுக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

ஸாஹிரா தோளைத் தொட்டார். “கேன்சர் இல்லன்னுதான் சொல்றாரு. இரைப்பையோட உள்தோல் சில இடத்துல குடல் தோல் மாதிரி மாறியிருக்கு. உள்ள இருக்கிற கிருமிக்கு ரெண்டு கிழமை, பதினாலு நாளும், குளிசை போடணும். வருஷா வருஷம் வந்து காட்டணும்.”

இந்த வயதில் என் இரைப்பைக்குக் குடலாகும் ஆசை! ஆகட்டும். வருஷா வருஷமாம்!

17.07.2004
இப்போது வயிற்றில் கனம் இல்லை. பலாக்காய்க் கறியை மூன்று தரம் போட்டுக்கொண்டேன்.

“வயித்துக்கு ஆகாதுன்னு தெரியாதா? மனுசனா நீங்க?” வெள்ளையம்மா போட்ட சத்தம் அடுத்த குவாட்டர்ஸுக்கே கேட்டிருக்கும்.

மார்ச்சிலிருந்து அவள் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அண்ணனிடம் கடைசி மாதங்களில் அண்ணி பேசியதைப் போல, மெதுவாகவே பேசிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் இது உறைத்தது.

இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று நாலாவது தரமும் கறி கேட்டேன்.