ஹௌரா ஸ்டேஷன் சீன்

15-11-98, ஞாயிறு
தம்பி கோபு திரைக்கதை எழுதிய படம் ஒருவழியாகக் கல்கத்தாவுக்கு வந்தது. பாங்கிலிருந்து பத்துப் பேர் காலைக் காட்சிக்குப் போனோம். தியேட்டரே வயிறு வலிக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

கதாநாயகி கல்கத்தாப் பெண். பெண் பார்க்கிற சாக்கில் மெட்ராஸ்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, காளிகாட், விக்டோரியா, அலிப்பூர் ஜூ எல்லாம் சுற்றிவிட்டு, ஊர் போய் 'ஜாதகம் சேரவில்லை' என்று கார்டு போடுகிறார்கள். கைடு அவள்தான்.

எங்கள் வீட்டுக்கு அப்படி ஏழு குடும்பம் வந்தது. ஊரறிந்த கதை, எழுதட்டும். ஆனால் ஹௌரா ஸ்டேஷன்?

16-11-98
வேலையே ஓடவில்லை. பதினாலு வருஷம் ஆகிறது. ஏழாவதாக வந்த மஹாதேவன் என்னிடம் மட்டும், 'வெள்ளிக்கிழமை கோரமண்டல்ல திரும்பி வரேன், முடிவா பேசிடலாம்' என்றார். அம்மாவுக்குத் தெரியாமல் பிளாஸ்கில் காபியோடு ஸ்டேஷனில் போய் நின்றேன். பெட்டி பெட்டியாக ஓடித் தேடினேன். வரவில்லை. இதை நான் சொன்னது கோபு ஒருத்தனிடம்தான்.

படத்தில் அந்தக் காபியைப் போர்ட்டர் குடித்துவிட்டு, சர்க்கரை போதாது என்கிறான். நிஜத்தில் நானே குடித்தேன், பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து.

23-11-98
பாங்கில் சாவித்ரி இன்றும் அந்தப் போர்ட்டர் மாதிரி நடித்துக் காட்டினாள். லோன் செக்ஷன் சுந்தரேசன் சார் மட்டும் இடைவேளையோடு எழுந்து போய்விட்டாராம். 'ரசனையில்லாத ஜென்மம்' என்கிறாள். அப்படியானால் நானும்தான்.

12-3-99
கோபுவுக்குச் சிறந்த திரைக்கதை விருது. அம்மா தெரு முழுக்க சந்தேஷ் ஸ்வீட் கொடுத்தாள். கீழ்வீட்டு வங்காளி மாஷிமா என்னைக் கட்டிக்கொண்டாள்.

4-4-99
தமிழ்ச் சங்கத்தில் கோபுவுக்குப் பாராட்டு விழா. சால்வை போட என்னையே கூப்பிட்டார்கள். போட்டேன். 'எங்க அக்காதான் என் முதல் ஆடியன்ஸ்' என்றான் மைக்கில். ஒரே கைதட்டல்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். "அந்த ஸ்டேஷன் விஷயத்தை ஏண்டா எழுதினே?"

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீயே சிரிச்சுண்டுதானேக்கா சொன்னே?"

ஆமாம், சிரிச்சுண்டுதான் சொன்னேன். பதினாறு வயசுப் பிள்ளைகிட்ட வேற எப்படிடா சொல்லுவா — அழுதுண்டா? அதைக்கூட அவனிடம் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன். மனசு விட்டுப்போச்சு.

6-4-99
கோபு மெட்ராஸ் கிளம்பினான். வழிக்கு எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன். அதிலெல்லாம் குறை வைக்கவில்லை.

9-7-2000, ஞாயிறு
சுந்தரேசனும் நானும் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாண நோட்டீஸ் கொடுத்துப் பத்து நாள் ஆகிறது. மனைவி போய் ஆறு வருஷமாகிறது அவருக்கு. பெண் பார்க்கவெல்லாம் வரவில்லை. கான்டீனில் நேராகவே கேட்டார். அம்மாவிடம் மட்டும் சொல்லி, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். முன்னெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் கோபுவிடம்தான் முதலில் ஓடியிருப்பேன்.

வழக்கம்போல அவன் போன் வந்தது. "என்னக்கா விசேஷம்?"

"ஒண்ணுமில்லேடா. இங்கே நல்ல மழை."

அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மழையைப் பற்றியே சொன்னேன்.